இழுக்காத வண்டி: வீட்டில் வைத்துப் பார்க்க கார்புரேட்டர் சுலபமா, எஃப்ஐ சுலபமா?

எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று அப்பா 2011-இல் வாங்கிய 100 சிசி கார்புரேட்டர் வண்டி. மற்றது நான் 2021-இல் வாங்கிய 125 சிசி எஃப்ஐ வண்டி. பெட்ரோலையும் காற்றையும் சின்னத் துளைகள் வழியே கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்தான் கார்புரேட்டர், சுருக்கமாகக் கார்ப். எஃப்ஐ என்றால் ஃபியூயல் இன்ஜெக்ஷன், அதில் சென்சார்களைக் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும். இரண்டையும் பெரும்பாலும் நானே பார்த்துக்கொள்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது: "கார்ப் வண்டின்னா நாமே பிரிச்சு மாட்டிடலாம். எஃப்ஐ வந்துச்சு, எல்லாம் போச்சு." நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்த பிறகு இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

எஃப்ஐ நம் ஊருக்குப் புதிதில்லை. 2006-லேயே ஹீரோ ஹோண்டா கிளாமரில் வந்துவிட்டது. ஆனால் 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமான பிறகுதான் சாதாரண வண்டிகளுக்கெல்லாம் அது வந்து சேர்ந்தது. அதனால் இன்று நிறைய வீடுகளில் எங்கள் வீட்டைப் போலவே ஒரு பழசும் ஒரு புதுசும் நிற்கும். இரண்டில் எதற்கு பிக்கப் குறைந்தாலும், கையை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் இரண்டுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி இழுக்கவில்லை என்றதும் கார்பையோ இன்ஜெக்டரையோ குற்றம் சொல்வது தப்பு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். முன் சக்கரத்தையும் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிச் சுற்றுங்கள். ஒரு சுற்றுகூட முழுசாக ஓடாமல் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயரில் காற்று, செயின் இறுக்கம், இரண்டையும் அப்படியே பார்த்துவிடலாம். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா? கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் லீவரில் கொஞ்சம்கூட பிளே இல்லாமல் கேபிளை இறுக்கி வைத்திருப்பார்கள், அதைத் தளர்த்தினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அப்புறம் ஏர் ஃபில்டர். அப்புறம் பிளக். பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. மை பூசியது போலக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது, அது ரிங் அல்லது வால்வ் சீல் வேலை, வீட்டில் முடியாது. வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பிளக் பார்க்கும் இந்தப் பாடம் கார்புக்கும் எஃப்ஐக்கும் ஒன்றுதான். எங்கள் இரண்டு வண்டிகளுக்கும் வந்த "இழுக்கலை" கேஸில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

இதையெல்லாம் தாண்டியும் வண்டி முரண்டு பிடித்தால்தான் இரண்டும் பிரிகின்றன.

கார்புரேட்டரின் பெரிய குணம், நோயைத் தன் நடத்தையிலேயே காட்டிவிடும். ஐடிலிங் நிற்கவில்லை, காலையில் சோக் போட்டால்தான் உயிர் வருகிறது, ஆனால் ஓட்டத்தில் நன்றாக இருக்கிறது என்றால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை, அதாவது ஸ்லோ ஜெட், அடைத்திருக்கிறது. ஐடிலிங் சுகமாக இருக்கிறது, 50-க்கு மேல் போனால் திக்கித் திணறுகிறது என்றால் வேக ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட் பக்கம் பாருங்கள். நாலைந்து கிலோமீட்டர் ஓடி ஆஃப் ஆகிறது, டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகிறது, உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால் கார்பில் ஒன்றுமே இல்லை, மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் தானாக இறங்கி வரும் வண்டிகளில் இந்தச் சின்னத் துளை படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமில்லை.

போன வருஷம் அப்பா வண்டி மூன்று மாதம் சும்மா நின்றது. எடுத்தால் ஐடிலிங்கே இல்லை. கார்பைக் கழற்றி, திண்ணையில் பழைய தினசரியை விரித்து, அதன்மேல் வைத்துப் பிரித்தேன். கார்பில் பெட்ரோல் தேங்கி நிற்கும் பவுலின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் குண்டூசி முனை அளவு துளை தெரிய வேண்டும். இருட்டுதான் தெரிந்தது. கார்ப் கிளீனர் அடித்து ஒரு மணி நேரம் ஊற வைத்து, பழைய வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியை விட்டு மெதுவாகத் தள்ளினேன். மறுபடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது ஒரு புள்ளி ஒளி தெரிந்தது. அந்தப் புள்ளியைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே கார்ப் வண்டி வைத்திருக்கலாம் என்று தோன்றும்.

ஊசியோ இரும்புக் கம்பியோ விடாதீர்கள். ஜெட் பித்தளை, துளை பெரிதாகிவிட்டால் திரும்பச் சின்னதாகாது. ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக முழுசாக உள்ளே திருகி, எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். மாட்டும்போது அதே சுற்றுக்கு வெளியே எடுத்தால் போதும். அந்தக் கணக்கைத் தொலைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனவர்கள் நிறைய.

இவ்வளவு சொன்னாலும் கார்பில் ஒரு குறை உண்டு, அது இப்போது பெரிதாகி வருகிறது. 2025-இல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வழக்கம் என்றாகிவிட்டது. 1 கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், 1 கிலோ எத்தனாலுக்கு சுமார் 9 கிலோ போதும். கார்பின் ஜெட் பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்துத் துளையிட்டது. அதே ஜெட் வழியாக இந்தக் கலவை போனால் காற்று மிஞ்சுகிறது. விளைவு, குளிர்ந்த இன்ஜினில் தயக்கம், ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட் சத்தம், பிளக் முனையில் வெளுப்பு. எஃப்ஐ வண்டியில் சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் இதைப் பார்த்து, ஈசியூ (வண்டியின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிடும். கார்புக்கு அப்படி ஒரு கண் கிடையாது. தவிர, எத்தனால் ஈரத்தை இழுக்கும். சும்மா நிற்கும் வண்டியின் பவுலில் வெள்ளைப் பொடி படிவதும், பழைய ரப்பர் வாஷர்கள் உப்பிப் போவதும் அதனால்தான். இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் திருகை (காக்) மூடி, பவுலின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்யாமல் விட்டதுதான் மேலே சொன்ன கதை.

சரி, எஃப்ஐக்கு வருவோம்.

எஃப்ஐ வண்டியில் அடைப்பு அரிது. ஆனால் வந்த நோயை நடத்தையில் காட்டாது, அல்லது எல்லா நோய்க்கும் ஒரே மாதிரி காட்டும். அதற்குப் பதிலாக வேறு மொழியில் பேசும். சாவியைப் போட்டதும் காதைக் கொடுங்கள். டேங்குக்குள் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று பம்ப் ஓடி நிற்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லை என்றால் பம்ப், ஃபியூஸ், ரிலே, பேட்டரி, இவற்றில் ஒன்று. சத்தம் இருக்கிறது, மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு ஸ்டார்ட் ஆன பிறகும் அணையவில்லை என்றால் ஏதோ ஒரு சென்சார் புகார் சொல்கிறது. சில மாடல்களில் அந்த விளக்கு சிமிட்டுவதை எண்ணியே புகார் எது என்று தெரிந்துகொள்ளலாம். நீண்ட சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று என்பது ஹோண்டா கணக்கு. வேறு பல பிஎஸ்6 வண்டிகளில் சீட்டுக்கு அடியில் சிவப்பு நிற 6 பின் கப்ளர் (வயர் இணைப்பான்) இருக்கும், அதில் ஸ்கேனரை இணைத்தால்தான் எண் கிடைக்கும். எண் கிடைத்துவிட்டால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பொருளைப் பார்க்கலாம்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எண் ஒரு சென்சாரைக் காட்டினால் சென்சார் போய்விட்டது என்று பொருள் இல்லை. அந்த சென்சாரிலிருந்து வரும் செய்தி சரியில்லை என்றுதான் பொருள். செய்தி வருகிற வழியிலும் கோளாறு இருக்கலாம்.

ஒரு ஐப்பசி மழையில் என் வண்டி இழுத்து இழுத்து ஓட ஆரம்பித்தது. ஒரே சீராக ஆக்ஸிலேட்டரைப் பிடித்தாலும் யாரோ பின்னால் பிடித்து இழுத்து விடுவது போல உதறும். காட்டிய இடத்தில் ஸ்கேன் செய்துவிட்டு, "த்ராட்டில் சென்சார் போயிடுச்சு தம்பி, தனியா வராது, த்ராட்டில் பாடி செட்டாத்தான் மாத்தணும்" என்றார்கள். ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்வது இந்த சென்சார், அது உட்கார்ந்திருக்கும் காற்று வாய்தான் த்ராட்டில் பாடி. சொன்ன தொகையைக் கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த சென்சாரின் கப்ளரை உருவிப் பார்த்தேன். மூன்று பின்னில் ஒன்றின் அடியில் பாசி போலப் பச்சைப் பூச்சு. பிரஷர் வாட்டர் வாஷ் எத்தனை முறை கொடுத்திருப்பேனோ, ரப்பர் சீல் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காய வைத்து, சீலை நேராக்கி மாட்டினேன். உதறல் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

அதனால் எஃப்ஐ வண்டியை வீட்டில் பார்க்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வேலை வேறு மாதிரி, அவ்வளவுதான். கார்புக்கு ஸ்க்ரூ டிரைவரும் செம்புக் கம்பியும். எஃப்ஐக்கு மல்டிமீட்டரும் கான்டாக்ட் கிளீனரும். பேட்டரியை அளந்து பாருங்கள். வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல பேட்டரி, 12-க்குக் கீழே என்றால் மற்ற சோதனை எதையும் ஆரம்பிக்காதீர்கள், முதலில் சார்ஜ். ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் காட்ட வேண்டும். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் பேட்டரி அடியோடு செத்திருந்தாலும் கிக்கரை அடித்தால் கிளம்பிவிடும். எஃப்ஐயில் பேட்டரி போனால் பம்பும் ஈசியூவும் போச்சு. கிக்கர் இருந்தாலும் பெரும்பாலும் பயனில்லை.

எஃப்ஐயில் தொடக் கூடாதவையும் உண்டு. பெட்ரோல் குழாயில் பல வண்டிகளில் 3 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். சூடான இன்ஜின் பக்கத்தில் அதை அப்படியே உருவினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும், தீப்பிடிக்கும். த்ராட்டில் பாடியில் பெயின்ட் வைத்து மூடிய ஸ்க்ரூ இருந்தால் அது நமக்கானது இல்லை. பம்ப் குளிர்வது டேங்கில் இருக்கும் பெட்ரோலில்தான். ஐம்பது ரூபாய்க்குப் போட்டுக் காய்ந்த டேங்கோடு ஓட்டும் பழக்கம் கார்ப் வண்டியில் செல்லும், இங்கே பம்புக்கு ஆகாது. பம்ப் செட்டாகத்தான் வரும், சில ஆயிரங்கள் ஆகும். மிஸ்ஸிங்கோடு (பெட்ரோல் இடையிடையே எரியாமல் விட்டு விட்டு ஓடுவது) பல நாள் ஓட்டவும் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருந்து புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும், அது அடைத்துக்கொண்டால் வண்டி நிரந்தரமாக இழுக்காது. எலி இன்னொரு தொல்லை. கார்ப் வண்டியில் வயர் கடித்தால் ஹாரன் அடிக்காது, லைட் எரியாது. எஃப்ஐயில் வண்டியே நின்றுவிடும்.

செலவைப் பார்த்தால், கார்ப் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும், பெரும்பாலும் நேரத்தைத்தான் கேட்கும். எஃப்ஐ ரொம்ப நாள் ஒன்றும் கேட்காது, கேட்டால் ஒரேயடியாகக் கேட்கும். அந்தப் பெரிய செலவுகளில் சில, கப்ளரைச் சுத்தம் செய்யாமல் நேராகப் பாகத்தை மாற்றியதால் வந்தவை என்பது என் அனுபவம்.

அத்தை மகன் போன மாதம் கேட்டான். அவன் ஊரிலிருந்து மெக்கானிக் பட்டறைக்கு 14 கிலோமீட்டர். "மாமா வண்டி மாதிரி பழைய கார்ப் வண்டி செகண்ட்ஸ்ல வருது, எடுக்கட்டுமா, இல்ல கடன் போட்டுப் புதுசு எடுக்கட்டுமா அண்ணே?" ரெண்டு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பழசை எடு என்றிருப்பேன். இப்போது நான் சொன்னது: தினமும் ஓட்டப் போகிறாய் என்றால் எஃப்ஐயே எடு. எத்தனால் பெட்ரோலோடு மல்லுக்கட்ட வேண்டாம், காலையில் சோக்கோடு போராட வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் வாங்கு, வாட்டர் வாஷ்காரரிடம் கப்ளர்கள் பக்கம் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று சொல், டேங்கைக் காய விடாதே. வாரம் ஒரு தடவை வயலுக்குப் போகத்தான் வண்டி, மற்ற நாள் கொட்டகையில் நிற்கும், கையில் நேரமும் இருக்கிறது என்றால் மட்டும் கார்ப் வண்டியைப் போய்ப் பார். பார்க்கும்போது பவுலின் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடி. அடியில் பொடியோ தண்ணீர்ச் சொட்டோ தெரிந்தால், விலையில் கார்ப் சர்வீஸுக்கு ஆகும் தொகையைக் குறைத்துக் கேள்.

அவன் வெள்ளைக் கிண்ணத்தோடு போயிருக்கிறான்.