‘களை வராத செம்மண்’: லோடை இறக்குவதற்கு முன் கிளறிப் பாருங்கள்

“சலிச்ச செம்மண், களை முளைக்காது” என்று சொல்லி ஒரு குட்டியானை லோடு இறக்கிவிட்டுப் போனார்கள். மேலாக இருந்த அரை அடிதான் சலித்தது. அடியில் முழுக்கக் கோரைக்கிழங்கு. பத்தே நாளில் கத்தரிப் பாத்தியெங்கும் ஊசி ஊசியாகக் கோரை.

கோரை விதையால் வரும் களை அல்ல, பெரும்பாலும் கிழங்கால் பரவுவது. கிழங்குகள் மண்ணுக்குள் நூல் கோத்த மாதிரி தொடர்ந்து போகும். களைக்கொத்தால் கொத்தினால் நூல் அறுந்து, உறங்கிக்கிடந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். களை வராமலிருக்கப் பாத்திமேல் விரிக்கும் மெல்லிய மல்ச்சிங் ஷீட்டையும் அதன் கூர்முனை துளைத்துவிடும்.

புகார் சொன்னதற்கு, “இயற்கை களைக்கொல்லி” என்று லேபிள் இல்லாத ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். இது இரண்டாவது ஏமாற்று. கோரைக்கு அடித்த நான்காம் நாள் பக்கத்துப் பாத்தித் தக்காளியின் கொழுந்துகள் முறுக்கிக்கொண்டன. வைரஸ் இலைச்சுருட்டல் செடிக்குச் செடி மெல்லப் பரவும். இங்கே காற்றடித்த பக்கத்துச் செடிகளெல்லாம் ஒரே சமயத்தில் முறுக்கின. 2,4-டி வகைக் களைக்கொல்லியின் சாரல் பட்டால் தக்காளி இப்படித்தான் ஆகும். பதிவு எண்ணும், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணமும் இல்லாத பாட்டிலைக் கையால்கூடத் தொடாதீர்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் வீட்டுத் தோட்டத்துக்கு வழியல்ல. பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே அடிக்கலாம் என்று மத்திய அரசு 2022-லேயே கட்டுப்பாடு விதித்துவிட்டது.

லோடு வந்ததும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒரு சட்டி மண் எடுத்துக் கையால் உதிர்த்துப் பாருங்கள். கறுப்பாக, நார் சுற்றி, நிலக்கடலைப் பருப்பளவில் இருப்பது கோரைக்கிழங்கு. கிள்ளினால் உள்ளே வெள்ளை, நலங்குமாவு வாசனை. சந்தேகமாக இருந்தால் ஒரு வாளி மண்ணை ஈரமாக்கி இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். முளைக்க வேண்டியது முளைத்துவிடும். பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.

ஏற்கனவே கொட்டியாகிவிட்டதா? ஈர மண்ணைக் கடப்பாரையால் நெம்பி, கிழங்கைத் தொடரோடு உருவுங்கள். கால் அங்குலச் சல்லடையில் சலித்தால் பெரும்பாலானவை சிக்கும். அவற்றைக் கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள், பிழைத்துக்கொள்ளும். சிமெண்ட் தரையில் பரப்பிச் சுருங்கும்வரை கோடை வெயிலில் காய வையுங்கள். மிச்சம் முளைப்பதைப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கொரு முறை, புதுக்கிழங்கு வைப்பதற்குள், பிடுங்க வேண்டும். ஒரு பருவம் தட்டைப்பயறை நெருக்கி விதையுங்கள். நிழல் கோரைக்கு ஆகாது.