இயற்பியல் கணக்குக்கு வாட்ஸ்அப் வழி உதவி: 4,500 ரூபாய் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் எனக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கையில் காசு புரளத் தொடங்கும் வேளையில்தான் மகளின் பதினொன்றாம் வகுப்பும் தொடங்கியது. இயக்கவியலும் இயக்க விதிகளும் அவளுக்குப் பிடிபடவில்லை. கணக்கைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதுகலை ஆசிரியர்கள் அரை மணி நேரத்தில் படிப்படியாக விளக்குவார்கள் என்று ஒரு துண்டறிக்கை சொன்னதை நம்பி, மூன்று மாதங்களுக்கு 4,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்காதது என் தவறு.

முதல் வாரம் சொன்னபடி பதில் வந்தது. பிறகு அரை மணி நேரம் இரண்டு நாளாயிற்று. விளக்கம் போய் விடை மட்டும் வந்தது. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், விடைகள் சரியாக இருந்திருந்தால்.

140 கிலோகிராம் நிறையுள்ள படகில் நிற்கும் 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர், கரையை நோக்கி நொடிக்கு 3.5 மீட்டர் திசைவேகத்தில் குதித்தால் படகின் திசைவேகம் என்ன என்பது கேள்வி. குதித்தவரின் இயக்க ஆற்றலையும் படகின் இயக்க ஆற்றலையும் சமமாக வைத்து, நொடிக்கு 2.29 மீட்டர் என்று அவர்கள் அனுப்பினார்கள். படகு எந்தப் பக்கம் போகும் என்ற பேச்சே இல்லை. கட்டாத வள்ளத்திலிருந்து கரைக்குத் தாவினால் அது பின்னால் நழுவும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். மகள் அதைக் கேட்டதற்கு, "சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்யவும்" என்று பதில் வந்தது.

அதே முறையைக் காலாண்டுத் தேர்வில் எழுதி அவள் மதிப்பெண் இழந்த பிறகு, அவளுடைய அரசுப் பள்ளி ஆசிரியர் பத்து நிமிடத்தில், காசு வாங்காமல், தெளிவாக்கினார். குதிக்கும் முன் ஆளும் படகும் அசையாததால் மொத்த உந்தம், அதாவது நிறை பெருக்கல் திசைவேகம், சுழி; குதித்த பிறகும் அது சுழியாகவே இருக்க வேண்டும். 60 பெருக்கல் 3.5 என்பது 210 ஆகையால், படகும் எதிர்த்திசையில் 210 பெற வேண்டும், அதற்கு நொடிக்கு 1.5 மீட்டர் திசைவேகம் போதும். இயக்க ஆற்றலோ குதிப்பவரின் கால் தசையிலிருந்து புதிதாக வருவது; மனிதருக்கு 367.5 ஜூல், படகுக்கு 157.5 ஜூல். அவை சமமாக இருக்கக் காரணமே இல்லை.

பழைய பதில்களைப் புரட்டியபோது, மேல்நோக்கி எறிந்த கல்லுக்கு உச்சியில் முடுக்கம் சுழி என்றும் எழுதியிருந்தார்கள். அங்கே சுழியாவது திசைவேகம். முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சேர்க்கைக் கட்டணம் திரும்பாது என்று ஒரே வரி வந்தது. அடுத்த செய்தி அனுப்புவதற்குள் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய விவரத்தையும் தவறான விடைகளின் படங்களையும் அழிக்காமல் வைத்திருந்தது அப்போது உதவியது. இத்தகைய உதவிக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள், கட்டும் முன் இந்தப் படகுக் கணக்கையே அனுப்பி, எதிர்த்திசை ஏன் வருகிறது என்றும் கேட்டுப் பாருங்கள்.

சென்ற வாரம் மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் அதே கைபேசி எண், வேறொரு பெயரின் கீழ், புதுத் துண்டறிக்கையில் ஒட்டப்பட்டிருந்தது. இப்போது கட்டணம் 6,000 ரூபாய்.