ஆர்ட்டே: இரண்டு நாட்டுக்கு ஒரே டிவி

1990 அக்டோபர் 2. மறுநாள் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகப் போகின்றன. அன்றைக்கு பிரான்சும் மேற்கு ஜெர்மன் மாநிலங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிறந்த சேனல் ஆர்ட்டே. 1992 மே 30இல் ஒளிபரப்பு தொடங்கியது. தலைமையகம் ஸ்ட்ராஸ்பூர்க், அதாவது 1871க்கும் 1944க்கும் நடுவே பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையில் நான்கு முறை கைமாறிய எல்லை ஊர். ஒரே நிகழ்ச்சியை இரண்டு நாடும் அவரவர் மொழியில் பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நட்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வதைவிட இது பலன் தருகிறது என்பதற்கு ‘கராம்போலாஜ்’ ஒன்றே போதும்.

கிளேர் தூத்ரியோ 2004இல் தொடங்கிய இந்த வார நிகழ்ச்சி பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் ஓடும். ஒரு பொருள், ஒரு சொல், ஒரு வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, அது பக்கத்து நாட்டுக்காரருக்கு ஏன் விசித்திரமாகத் தெரிகிறது என்று விளக்குவார்கள். கடைசியில் ஒரு புதிர்: இந்தக் காட்சி பிரான்சா, ஜெர்மனியா? தபால் பெட்டியை நம்பினால் ஏமாந்துபோவோம், இரண்டு நாட்டிலும் மஞ்சள்தான். பிளக் சாக்கெட் தெரிந்தால் விடை கிடைத்துவிடும்: பிரான்சில் எர்த் முள் சாக்கெட்டிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஜெர்மனியில் பக்கவாட்டில் இரண்டு உலோகப் பட்டைகள். இப்படிப் பார்க்கப் பழகிய கண், அந்நியரை மொத்தமாக ஒரே பெயரில் முத்திரை குத்தத் தயங்கும்.

மதம் பற்றிய தொடர்களில் 2015இல் வந்த ‘ஜெசு ஏ லிஸ்லாம்’ (இயேசுவும் இஸ்லாமும்) தனி உயரத்தில் நிற்கிறது. மோர்தியா, பிரியர் இருவரும் எடுத்த 7 பகுதிகள். நாடகக் காட்சி கிடையாது, கறுப்புப் பின்னணியில் ஆய்வாளர்கள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டதைக் குர்ஆன் மறுக்கும் 4ஆம் அத்தியாயத்து வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அறிஞர்கள் ஒருவரோடு ஒருவர் முரண்படுவதை வெட்டாமல் விட்டிருப்பதுதான் இதன் நேர்மை. பொறுமை வேண்டும், பின்னணியில் ஓடவிட்டுக் கேட்கும் சரக்கில்லை.

இனி பார்க்கும் வழி. ஆர்ட்டே டாட் டிவி தளம் அல்லது ஆப். பணம் இல்லை, விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்காமலே பார்க்கலாம். பிரெஞ்சு, ஜெர்மன் தவிர ஆங்கிலம், ஸ்பானிஷ், போலிஷ், இத்தாலியப் பக்கங்களும் உண்டு. ஆனால் ஆங்கிலப் பக்கத்தில் இருப்பது மொத்தத்தில் சிறு பங்குதான். வரைபடங்களை வைத்து உலக அரசியல் சொல்லும் ‘மேப்பிங் தி வேர்ல்ட்’ அதில் கிடைக்கும். ஒரு பகுதி சுமார் 12 நிமிடம். புதிதாக வருபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். இசைக்கு மொழி தேவையில்லை என்பதால் ஆர்ட்டே கான்சர்ட் பகுதிக்கு நேராகவே போகலாம்.

வீடியோ ஓடாவிட்டால் உடனே நெட்டைக் குறை சொல்ல வேண்டாம். பல திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் ஐரோப்பாவுக்குள் மட்டும்தான் ஒளிபரப்பு உரிமை வாங்கியிருப்பார்கள், இந்தியாவிலிருந்து திறக்காது. ஆவணப்படங்களில் இந்தத் தொல்லை குறைவு. அடுத்தது கெடு தேதி. ஒவ்வொரு வீடியோவின் கீழும் எதுவரை கிடைக்கும் என்று போட்டிருக்கும்; உரிமைக் காலம் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். திரைப்பட வட்டத்திலோ வகுப்பிலோ திரையிடத் திட்டமிட்டால் இந்தத் தேதியைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். முந்தின நாள் ஒருமுறை ஓட்டியும் பாருங்கள்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டவர் பேசத் தொடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தி, மேலே பிரெஞ்சோ ஜெர்மனோ ஏற்றும் பழக்கம் ஆவணப்படங்களில் அதிகம். பாரசீகத்தில் பேசும் பெண்ணின் தயக்கமும் கோபமும் அந்த இரவல் குரலில் அடிபட்டுப்போகின்றன. மொழிப் பட்டியலில் மூல ஒலியும் சப்டைட்டிலும் சேர்ந்த பதிப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.