கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு எந்தப் பிரிண்டர்?

கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், புகைப்படம் அச்சிட நல்லதொரு இங்க்ஜெட் பிரிண்டர் வேண்டும் என்று கேட்டால், எப்சனின் எல்8050 அல்லது ஏ3+ அளவுக்கு அச்சிடும் எல்18050 பற்றித்தான் எனக்கு அதிகம் சொன்னார்கள். வண்ணப் படங்களுக்கு இவற்றைக் குறை சொல்ல முடியாது; மைச் செலவும் குறைவு. கறுப்பு வெள்ளைக்கு வரும்போதுதான் சிக்கல். இவற்றின் ஆறு மைகளில் கறுப்பு ஒன்றே; சாம்பல் மை கிடையாது. ஆகவே மெல்லிய சாம்பல் சாயல்களைப் பெரும்பாலும் நீலம், மஜென்டா, மஞ்சள் புள்ளிகளைக் கலந்தே இயந்திரம் உருவாக்க வேண்டியிருக்கிறது.

காலிமுகத்திடலில் மழைக்கு முன் எடுத்த படமொன்றை இவ்வாறான ஆறு மைப் பிரிண்டரில் அச்சிட்டுப் பார்த்தேன். சன்னலோர வெளிச்சத்தில் குறையேதும் தெரியாத மேகம், இரவில் எல்இடி விளக்கின் கீழ் பச்சை படர்ந்து தெரிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், மேகத்தின் வெளிறிய ஓரத்தில் சாம்பலென்று ஒன்றுமே இல்லை. இளஞ்சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஒளிக்கேற்பச் சாயல் மாறும் இந்தக் குறையை விலையுயர்ந்த தாளாலும் மறைக்க முடியாது.

ஆகையால், ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்று விளம்பரங்களில் பெரிதாகப் போடும் டிபிஐ எண்ணிக்கையை விட்டுவிட்டு, எத்தனை சாம்பல் மைகள் உள்ளன என்பதையே முதலில் பார்க்க வேண்டும். 2020இல் வெளிவந்த எப்சன் ஷுவர்கலர் பி700இல் பத்து மைகள். அவற்றில் பளபளப்புத் தாளுக்கொரு கறுப்பு, பளபளப்பற்ற மேட் தாளுக்கொரு கறுப்பு, சாம்பல், இளஞ்சாம்பல் என நான்கு நமக்குரியவை. முந்திய பி600இல் தாளின் வகையை மாற்றும்போதெல்லாம் கறுப்பையும் மாற்ற வேண்டியிருந்ததால், அந்த மாற்றத்திலேயே மை வீணாகியது. பி700இல் இரண்டு கறுப்புக்கும் தனித்தனி நாசில்கள், அதாவது மை உமிழும் நுண்துளைகள், உள்ளன. கறுப்பு வெள்ளைக்கென்றே இருக்கும் அச்சு முறையில் படத்தின் சாயலைக் குளிர்ச்சியாகவோ பழுப்பேறியதாகவோ சிறிது சிறிதாக நகர்த்தலாம். நிழற்பகுதியின் ஆழம் என்னை அசத்தியது: கோயில் மண்டபத்தின் இருளுக்குள் தூணின் விளிம்பு தனியாகத் தெரிகின்றது.

கேனன் புரோ-300உம் பத்து மைப் பிரிண்டர்தான். ஆயினும் அதில் சாம்பல் ஒன்றுதான், மற்றொன்று பளபளப்பைச் சமன்செய்யும் நிறமற்ற திரவம். பளபளப்புத் தாளில் மேற்பரப்பு ஒரே சீராக அமைவதற்கு அத்திரவமே காரணம், அந்த ஒன்றில் எப்சனைவிட இதையே விரும்புகிறேன். ஆனால் அதன் கார்ட்ரிட்ஜ் 14.4 மில்லிலீட்டர், பி700இனுடையது 25. இரண்டு சாம்பல் மைகளுடன் வரும் புரோ-200 ஆசை காட்டக்கூடும். ஆனால் அது சாயமை, அதாவது நிறம் திரவத்தில் கரைந்திருக்கும் மை. சுவரில் பல்லாண்டு தொங்கவேண்டிய படத்துக்கு, பி700, புரோ-300 இரண்டிலும் உள்ளதுபோல் நிறம் நுண்துகள்களாக இருக்கும் நிறமி மையே பாதுகாப்பானது. நிறைய அச்சிட்டும் அதிகம் செலவழிக்க முடியாதவர்கள், ஒரு சாம்பல் மையைத் தொட்டியில் ஊற்றிக்கொள்ளும் எப்சன் எல்8180ஐப் பார்க்கலாம். மாணவருக்கும் வீட்டு ஆல்பத்துக்கும் அது போதும். லயனல் வென்ட் கலையரங்கின் சுவரில் கண்காட்சி வைக்க நினைப்பவருக்குப் போதாது.

என் தெரிவு பி700, ஒரு நிபந்தனையோடு. பத்துக் கார்ட்ரிட்ஜ்களின் விலையையும், குறிப்பாக இளஞ்சாம்பல் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையும் முகவரிடம் எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே பணம் கட்ட வேண்டும். ஒரு மை தீர்ந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். பெட்டியோடு வரும் மையின் கணிசமான பகுதி முதன்முறை குழாய்களை நிரப்புவதிலேயே போய்விடுகிறது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

நம் வீடுகளில் எதையும் சுவர் சுவிட்சில் அணைக்கும் வழக்கம் உண்டு. இந்தப் பிரிண்டர்களை அவற்றின் சொந்தப் பொத்தானால்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் அச்சுத்தலை தன் மூடிக்குள் போய் அமரும், மை காய்ந்து அடைக்காது. பருத்தித் தாளைக் கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் ஓரம் சுருண்டு அச்சுத்தலையில் உரசும் என்பதால், தேவையான தாளை மட்டும் எடுத்துவிட்டுப் பொதியைச் சிலிக்கா ஜெல்லோடு உடனே மூடிவிடுங்கள்.