காக்டெயில் முட்டை: எடுப்பதா, போலி வைப்பதா, ஊசியா?

ஆண் இல்லாமல் தனியாக வளரும் பெண் காக்டெயில் (தலையில் கொண்டை வைத்த சின்னக் கிளி) முட்டையிடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. சேவல் இல்லாத பண்ணையில் கோழி முட்டை இடுகிறதே, அதே கதைதான். வருவது எல்லாம் கூமுட்டை, அதனால் கெடுதல் இல்லை. நிற்காமல் இட்டுக்கொண்டே போனால்தான் வில்லங்கம். எங்கள் வீட்டுப் பெண் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இடம் பிடித்து இட ஆரம்பித்தபோது, பறவை வளர்க்கிறவர்கள் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். முட்டையை உடனே எடுத்துவிடு, போலி முட்டை வை, ஜோடி சேர்த்துவிடு, டாக்டரிடம் போய் ஊசி போடு. நாங்கள் போனது போலி முட்டை வழியில். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

ஜோடி சேர்ப்பதை முதலிலேயே தள்ளிவிடலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஓர் ஆணை வாங்கி வந்து விட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆண் வந்தால் முட்டை குறையாது, கூடும். அப்புறம் குஞ்சு, அந்தக் குஞ்சுகளுக்கு வீடு தேடுவது, அது தனிப் பாடு.

முட்டையை உடனே எடுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. பார்க்க நியாயமாகத்தான் தெரியும், முட்டையே இல்லை என்றால் எதன் மேல் அடை உட்காரும்? ஆனால் காக்டெயிலிடம் இது நேர் எதிராக வேலை செய்யும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று, ஒரு ஈட்டுக்கு 4 முதல் 7 முட்டை வரை இடும். வயிற்றுக்கு அடியில் போதுமான முட்டை தட்டுப்பட்டால்தான் இடுவதை நிறுத்திவிட்டு அடையில் உட்காரும். நாம் எடுக்க எடுக்க ஈடு நிரம்பாது, உடம்பு அடுத்ததைத் தயார் செய்துகொண்டே இருக்கும். நாட்டுக்கோழி வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், கூடையில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுப்பார்கள், கோழியும் தொடர்ந்து இடும். முட்டை வேண்டும் என்கிறவர்கள் செய்கிற காரியம் அது, வேண்டாம் என்கிற நாம் ஏன் அதைச் செய்ய வேண்டும்?

எனக்கு முடிவைச் சொன்னது சுண்ணாம்புச்சத்துக் கணக்குதான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வளர்ந்த காக்டெயில் 90 கிராம் சுமார் இருக்கும். ஒரு முட்டை 5, 6 கிராம். ஐந்து முட்டை இட்டால் 25, 30 கிராம், அதாவது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு நாளுக்குள். ஓடு கிட்டத்தட்ட முழுக்கவே கால்சியம் கார்பனேட். சாப்பாட்டில் வருவது போதாவிட்டால் உடம்பு எலும்பில் சேர்த்து வைத்ததை எடுத்து ஓட்டில் போடும். நம் வீட்டுக் காக்டெயில்கள் தின்பது என்ன? தினை, கம்பு, சூரியகாந்தி விதை. மூன்றிலும் கால்சியம் சொற்பம், பாஸ்பரஸ்தான் தூக்கல். கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி3 வேண்டும், அதற்கு நேரடி வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதற்கான கதிர் வராது, கண்ணாடி தடுத்துவிடும்.

கால்சியம் குறைந்தால் முதலில் ஓடு மெலியும், தோல் முட்டை வரும். அதோடு போனால் பரவாயில்லை. முட்டையை வெளியே தள்ளுகிற தசை சுருங்கவும் இதே கால்சியம்தான் வேண்டும், அது குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆக, எடுத்துப்போட்டு வரவழைக்கிற ஒவ்வொரு கூடுதல் முட்டையும் அடுத்த முட்டை சிக்கும் ஆபத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. கூண்டில் கடல் நுரை (கணவாய் ஓடு) தொங்கவிடுங்கள், முருங்கைக்கீரை கொடுங்கள் (பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்), எல்லாம் சரி. ஆனால் செலவு குறையாமல் வரவை மட்டும் கூட்டிப் பயனில்லை.

போலி முட்டை அந்தச் செலவை நிறுத்தப் பார்க்கிறது. காக்டெயில் முட்டை அளவில், ஏறக்குறைய ஓர் அங்குல நீளத்தில், பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் கிடைக்கிறது. முதல் முட்டை வந்ததுமே நாலைந்தை ஒன்றாக வைத்துவிட்டால் ஈடு நிரம்பிவிட்டதாக எண்ணிச் சில பறவைகள் அதோடு நிறுத்திவிடும். எங்களுடையது இன்னும் இரண்டு இட்டுவிட்டுத்தான் நிறுத்தியது. நிஜ முட்டையையே விட்டுவைக்கலாமே என்றால், வைக்கலாம், ஆனால் நம் ஊர் வெக்கையில் ஒன்று விரிசல் விட்டால் நாற்றமும் எறும்பும் சேர்ந்து வரும். போலியைக் கண்டுகொள்ளாமல் தள்ளிவிடுகிற பறவைக்கு மட்டும், அது இட்டதையே வேகவைத்து ஆறவிட்டுத் திரும்ப வைக்கலாம்.

தொல்லை இல்லாமல் இல்லை. அடைக்காலம் 18 முதல் 21 நாள், அதுவரை முட்டையில் கை வைக்கக் கூடாது. செல்லமாகத் தோளில் உட்கார்ந்தது சீறும், கடிக்கும். எச்சத்தை அடக்கி வைத்திருந்து காலையில் இறங்கி வந்து ஒரே குவியலாகப் போடும், வீடே நாறும். சலித்துப்போய்த் தானாக எழுந்து போன பிறகு எடுத்துவிடலாம்.

இதை மட்டும் நம்பினால் அடுத்த ஈடு வந்துவிடும். நீண்ட வெளிச்சம் பறவையை முட்டையிடத் தூண்டும். சென்னையில் கோடைப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான், அதிலும் நாம் இரவு பதினொரு மணிவரை டியூப்லைட் எரிக்கிறோம், பறவைக்கு வருஷம் முழுக்க இனப்பெருக்கக் காலம்தான். மாலையே கூண்டை மூடி 12, 14 மணி நேர இருட்டு கொடுங்கள். பீரோவுக்குப் பின்னால் உள்ள இடுக்கை அடைத்துவிடுங்கள், கூண்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தால் எடுங்கள், தலையைத் தவிர வேறு எங்கும் தடவாதீர்கள்.

கூண்டின் அடியில் உடம்பை உப்பவைத்து உட்கார்ந்து, வால் ஆட முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம், மேலே சொன்ன எந்த வழியும் அப்போது உதவாது. எண்ணெய் தடவுவது, வயிற்றை அமுக்குவது எதுவும் வேண்டாம். கதகதப்பாக வைத்து அன்றைக்கே பறவை பார்க்கிற டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஊசியைப் பற்றி நான் ரொம்பப் பேச முடியாது, எங்களுக்குத் தேவைப்படவில்லை. முட்டையிட வைக்கும் ஹார்மோனை அடக்குகிற மருந்துகள் இவை. லியூப்ரோலைடு ஊசி என்றால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். டெஸ்லோரெலின் தோலுக்கு அடியில் வைப்பது, மாதக்கணக்கில் முட்டையை நிறுத்தி வைக்கும். ஏற்கெனவே ஒருமுறை முட்டை சிக்கிப் பிழைத்த பறவைக்கு, அல்லது இருட்டும் போலியும் கொடுத்தும் ஈட்டின் மேல் ஈடு இடுகிற பறவைக்கு, நானும் போலி முட்டையை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டேன்.