ஓவன் 180 என்கிறது, உள்ளே எவ்வளவு?

வீட்டில் பல வருடங்களாக ஓடுவது அலமாரிக்குள் பொருத்திய மின்சார ஓவன். சூடேற்றும் காயில் மேலே ஒன்று, கீழே ஒன்று, பின்பக்கம் விசிறி, முன்னால் டிஜிட்டல் திரை. முதல் சில வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சொன்னதைச் செய்தது. பிறகுதான் சேட்டை தொடங்கியது. திரையில் 180 டிகிரி நிற்கும், கேக்கின் நடுவில் மாவு அப்படியே இருக்கும். ரொட்டி வெளுத்த தோலோடு வெளியே வரும். சரி, சூடு குறைவு என்று 195 வைத்தால், அடுத்த வாரம் அதே கேக் ஓரம் கருகிவிடும். தினமும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால்கூடப் பழகிக்கொள்ளலாம். இது ஒரு நாள் சமர்த்து, மறுநாள் சண்டித்தனம்.

இப்படி வந்தால் தெர்மாமீட்டர் இல்லாமல் பேசுவது வீண். உள்ளேயே வைக்கும் முள் தெர்மாமீட்டர் போதும். நடுத்தட்டில், நடுவில் வைத்து, கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியே படிக்க வேண்டும். அதன் முள் மெதுவாகத்தான் நகரும். என்னிடம் கே வகை தெர்மோகப்பிள், அதாவது நுனியில் சூட்டை உணரும் கம்பி, செருகும் மல்டிமீட்டர் இருந்ததால் அதையே பயன்படுத்தினேன். கம்பி மெலிசு, கதவு இடுக்கில் போய்விடும். கொதிக்கும் தண்ணீரில் நுனியை நனைத்து, 100 டிகிரியை ஒட்டிக் காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம். மேட்டு நிலத்தில் இருப்பவர்கள் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கழித்துக்கொள்ளவும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் கருவி இந்த வேலைக்கு உதவாது. அது சொல்வது சுவரின் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல. பளபளக்கும் உலோகத்தில் குறைத்துக் காட்டும், கண்ணாடி வழியே பிடித்தால் கண்ணாடியின் சூட்டைச் சொல்லும்.

அளந்ததும் பலர் பதறுவது இங்கேதான். 180 வைத்தால் முள் 190 தாண்டும், 170க்கு இறங்கும், மறுபடி ஏறும். அது கோளாறு இல்லை. காயில் அணைந்து எரிந்துதான் சூட்டைக் காக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து டிகிரி ஆடுவது சகஜம். முதல் ஏற்றம் பெரும்பாலும் அளவுக்கு மீறிப் போகும், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அரை மணி நேரம் விட்டு, அதன்பின் வரும் உச்சங்களையும் பள்ளங்களையும் குறித்துச் சராசரி எடுத்தால் அதுதான் உங்கள் ஓவனின் உண்மையான சூடு. என்னுடையது 180க்கு 165 காட்டியது.

தெர்மாமீட்டரைவிட முக்கியமானதாக நான் நினைப்பது, காயில் ஓடுவதைக் காட்டும் சிறு விளக்கு. உள்ளே 165தான் இருக்கிறது என்றால், அந்த நேரத்தில் விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா? எரிந்துகொண்டே இருந்தால், சூடு போதவில்லை என்பது ஓவனுக்கே தெரிகிறது. ஆனால் அந்தச் சூட்டைக் கொடுக்க அதற்கு முடியவில்லை. காயில் போயிருக்கலாம், கதவு கசியலாம். அணைந்து எரிந்து 165ஐச் சுற்றியே ஆடினால், 180 வந்துவிட்டது என்று ஓவன் நம்புகிறது. அப்போது காயிலைத் தொடவே வேண்டாம், சூட்டை உணர்ந்து சொல்லும் சென்சாரையும் அதன் ஒயரையும்தான் பார்க்க வேண்டும். பாதிக் குழப்பம் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

என்னுடையது இரண்டாவது ரகம். வந்து பார்த்த மெக்கானிக், ஓவனை இயக்கும் மின்னணு போர்டை மாற்றச் சொன்னார். போர்டு இந்த ஓவனில் விலை அதிகமான பாகம், அதனால் ஒரு சோதனை செய்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். இதில் இருப்பது பிடி1000 சென்சார். பூஜ்யம் டிகிரியில் 1000 ஓம் மின்தடை காட்டும் பிளாட்டினம், சூடு ஏற ஏற ஓமும் ஏறும். அறை 30 டிகிரி என்றால் 1117 ஓம் அளவில் வர வேண்டும். சென்சாரின் இரண்டு முனைகளில் வைத்தால் கச்சிதமாக அதுவே வந்தது. போர்டுக்குப் போகும் ஒயரின் மறுமுனையில் வைத்தால் 1170க்கு மேல், அதுவும் ஒயரை ஆட்டினால் எண் குதித்தது. நடுவில் இருந்த இணைப்பியைப் பிரித்தபோது உள்ளே தகடுகள் கறுத்து, ஒரு பக்கம் தளர்ந்து கிடந்தன.

கணக்கும் ஒத்துப்போகிறது. இந்த சென்சாரில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 4 ஓம். வழியில் கூடுதலாக 60 ஓம் சேர்ந்தால், ஓவன் 15 டிகிரி சூட்டை இல்லாமலே இருப்பதாக எண்ணிக்கொள்ளும். தளர்ந்த முனை ஒரு நாள் சரியாக ஒட்டும், மறுநாள் ஒட்டாது. சமர்த்துக்கும் சண்டித்தனத்துக்கும் காரணம் அதுதான். இணைப்பியை எடுத்துவிட்டு, வெப்பம் தாங்கும் ஸ்லீவோடு புதிய முனைகளைக் கிரிம்ப் செய்ததும், அதாவது ஒயரோடு அழுத்தி இறுக்கியதும், சரியாகிவிட்டது. சாதாரண பிளாஸ்டிக் டேப் அந்த இடத்துச் சூட்டுக்கு நிற்காது. போர்டு இன்றுவரை பழையதுதான்.

மெனுவில் வெப்பத் திருத்தம் என்று ஒரு வசதி பல டிஜிட்டல் ஓவன்களில் இருக்கிறது. அதில் 15 கூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். 120, 180, 230 என மூன்று இடங்களில், வெவ்வேறு நாட்களில் அளந்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு குறைந்தால் தாராளமாகச் செய்யலாம். நாளுக்கு நாள் மாறினால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். முனை நன்றாக ஒட்டிய நாளில் எல்லாம் கருகும்.

விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் முதல் ரகத்துக்கு வருவோம். 230 வோல்ட்டில் 1200 வாட் காயில் என்றால் மல்டிமீட்டரில் 44 ஓம் அளவில் காட்டும்; எண்ணே வரவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. கீழ்க்காயில் மட்டும் போனால் மேலே நிறம் வரும், அடி வேகாது. மின் அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் காயிலின் சக்தி கிட்டத்தட்ட 19 சதவீதம் குறையும், ஆனாலும் நேரமானாலும் வைத்த சூட்டுக்கு வந்து சேரும். கதவு ரப்பருக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும்: ஓவன் ஆறியிருக்கும்போது இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வழுக்கி வரும் இடத்தில் சூடும் வழுக்கி வெளியே போகும்.

கோளாறே இல்லாமல் கோளாறு மாதிரித் தெரிவதும் உண்டு. தயார் என்று பீப் அடிப்பது காற்று சூடானதற்கு. சுவர்கள் சூடாக இன்னும் கால் மணி நேரம் ஆகும். தட்டை முழுதும் அடைக்கும் பெரிய டிரேயும் காற்றோட்டத்தைக் கெடுக்கும்.

தெர்மாமீட்டர் கிடைக்காதவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. அது சுமார் 186 டிகிரியில் உருகும். 175 வைத்துக் கால் மணி நேரத்தில் உருகினால் ஓவன் கூடுதல் சூடு. 190 வைத்தும் உருகவில்லை என்றால் குறைவு. தோராயம்தான், சில டிகிரி வித்தியாசத்தை இதில் பிடிக்க முடியாது.

குமிழ் திருகும் ஓவன்களில் சென்சாருக்குப் பதில் திரவம் அடைத்த மெல்லிய செம்புக்குழாயும், அதன் நுனியில் சூட்டை உணரும் பல்பும் இருக்கும் (விளக்கு பல்பு அல்ல). அந்த நுனி கிளிப்பிலிருந்து கழன்று காயிலின் பக்கம் சாய்ந்தால் சீக்கிரமே அணைக்கும். குமிழே தண்டில் தளர்ந்து, குறி இடம் மாறியிருக்கவும் கூடும். முதலில் அதைப் பாருங்கள். ஆனால் அந்தக் குழாயில் திரவம் கசிந்துவிட்டால் நிலைமை நேர்மாறு: சுவிட்ச் திறக்காது, காயில் அணையாது, சூடு ஏறிக்கொண்டே போகும். டிஜிட்டலில், காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே ஒட்டிக்கொண்டாலும் இதே கதை. 180 வைத்து 230 தாண்டியும் காயில் அணையவில்லை என்றால் அளந்துகொண்டிருக்க வேண்டாம், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.