ஆரி ஊசியா, சாதா ஊசியா: துணியைத் திருப்பிப் பாருங்கள்

கல்யாண ரவிக்கை என்றாலே ஆரி வேலை என்றாகிவிட்டது. ஊருக்கு நாலு ஆரி வகுப்புகள் நடக்கின்றன. “எம்பிராய்டரி கத்துக்கணும்” என்று யாராவது சொன்னால் அவர் ஆரியைத்தான் சொல்கிறார். சாதா ஊசியில் பூத்தையல் போடுகிறவர்களை, பள்ளிக்கூடத்துத் தையல் நோட்டில் கைக்குட்டை ஒட்டுகிறவர்களைப் போலப் பார்க்கிறார்கள். இரண்டிலும் பல வருடம் கை வைத்தவள் என்பதால் எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஆரி மேல் கோபம் இல்லை. அதில்தான் எனக்கு வருமானமே வருகிறது.

ஆரி ஊசிக்குக் காது கிடையாது. நுனியில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி. துணியைத் தட்டினால் ‘டொம்’ என்று கேட்கும் அளவுக்கு ஃபிரேமில் இழுத்துக் கட்ட வேண்டும். நூல் அடியில், இடது கையில். வலது கை மேலிருந்து குத்தும், இடது கை நூலைக் கொக்கியில் மாட்டும், ஊசி அரைச் சுற்று திரும்பி ஒரு கண்ணியை மேலே இழுத்துவரும். அந்தக் கண்ணிக்கு உள்ளே அடுத்த குத்து. இப்படியே போனால் சங்கிலித் தையல். ஆரியின் சொத்து அடிப்படையில் இந்த ஒரு தையல்தான். மற்றதெல்லாம் இதையே நெருக்கி, சாய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் போடுவது. மணி, சமிக்கி வைப்பதும் இதே இழுப்பில் முடிந்துவிடும்.

சாதா ஊசிக்கு நூலை ஒரு முழம் வெட்டிக் கோர்க்க வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் அந்த நூல் முழுக்கத் துணிக்குள் போய் வெளியே வர வேண்டும். ஆரியில் நூல் கண்டிலிருந்து நேராக வருகிறது, குத்துக்கு ஒரு கண்ணி அளவு நூல்தான் நகர்கிறது. வேகத்தில் ஆரியை அடிக்க முடியாததன் காரணம் இவ்வளவுதான். கழுத்து, கை முழுக்க நிரப்பிய ரவிக்கையைச் சாதா ஊசியில் போட்டு முகூர்த்தத்துக்குக் கொடுக்கிறேன் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, துணியைத் திருப்புவோம். ஆரி வேலையின் பின்பக்கம் மெல்லிய ஒற்றைக் கோடாக ஓடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆபத்தும் அங்கேதான். தங்கை மகளின் வளைகாப்புக்கு ஒரு கடையில் போட்ட ரவிக்கை. தாலிச் சங்கிலியின் கொக்கி ஒரு கண்ணியில் மாட்டி நூல் அறுந்தது. பந்தி முடிவதற்குள் தோள்பட்டைக் கிளிக்கு வாலே இல்லை. சங்கிலித் தையல் அறுந்தால், அறுந்த இடத்திலிருந்து தொடங்கிய இடம் வரை சரசரவென்று உருவிக்கொண்டு போகும். கடைசியில் போட்ட முடிச்சு இதற்கு உதவாது. ஊசியில் போட்ட சங்கிலியும் இப்படி அவிழக்கூடியதுதான், நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே ஒவ்வொரு முழத்துக்கும் நூல் முடிந்துவிடுவதால் சேதம் அந்த முழத்தோடு நிற்கும். ஆரிக்காரர் நிறுத்தாமல் ஓட்டிய கோடு என்றால் ஓட்டிய தூரம் மொத்தமும் போகும்.

அப்புறம், பின்பக்கத்தையே அழகாக்குவது ஊசியால் மட்டும் முடிந்த காரியம். கர்நாடகத்தில் தார்வாட் பக்கத்துப் பூத்தையலான கசூத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கவந்தி, முர்கி, நெய்கி, மெந்தி என்று நான்கே தையல். மெந்தி என்றால் வெந்தயம். இதில் கவந்தியும் முர்கியும் முடிச்சே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். போகும்போது ஒன்றுவிட்டு ஒன்றாகத் தைத்து, திரும்பி வரும்போது விட்ட இடத்தை நிரப்புவார்கள். இல்கல் சேலையில் கோபுரமும் துளசி மாடமும் யானையும் இப்படித்தான் ஏறுகின்றன. டிரேசிங் கிடையாது, துணியின் இழையை எண்ணித்தான் தைக்க வேண்டும். நீலகிரியில் தோடர் பெண்கள் பூத்துக்குளிப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் வேலையும் எண்ணித் தைப்பதுதான். நூலைக் கொஞ்சம் தளர விட்டுச் சிறு மேடாக எழுப்புவார்கள். தறியில் நெய்தது என்று நினைத்து ஏமாறாதவர் குறைவு. இதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. லக்னோவின் சிக்கன் பூத்தையலில் பின்பக்கம் குறுக்குமறுக்காகப் போட்ட நூல், மெல்லிய மல் துணி வழியே நிழலாக முன்பக்கம் தெரியும். இழையை எண்ணி இரண்டு பக்கமும் ஒன்றாக்கும் வேலைக்கு ஆரி வளையாது.

இரண்டும் ஒரே ஊரில் எப்படிப் பங்கு பிரித்துக்கொண்டன என்று பார்க்க வேண்டுமானால் காஷ்மீருக்குப் போக வேண்டும். அங்கே பஷ்மினா சால்வைக்கு ஊசி வேலையான சோஸ்னி. திரைச்சீலைக்கும் நம்தா கம்பள விரிப்புக்கும் கம்பளி நூலில் போடும் ஆரி. இன்றைக்கு அங்கே சோஸ்னிதான் பொறுமையின் உச்சம், விலையும் அப்படி. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சால்வையில் ஊசி நுழைந்ததே குறுக்குவழியாகத்தான். கான்ஸ்டாண்டிநோபிள் வணிக நிறுவனம் ஒன்றுக்காக வந்த குவாஜா யூசுப் என்ற ஆர்மேனியர், தறியில் மாதக்கணக்கில் நெய்யும் கனி சால்வையின் கோலத்தை ஊசியால் போட்டால் சீக்கிரமும் மலிவும் ஆகும் என்று கண்டுகொண்டதாகச் சொல்வார்கள். நெய்த சால்வைக்கு இருந்த வரி தைத்ததற்கு முதலில் இல்லை என்பதும் ஒரு வசதி. தறிக்காரர் கண்ணில் அன்று ஊசி வேலை ஒரு போலி!

ஆரியின் கதை இன்னும் வேடிக்கை. கட்ச் பகுதியில் தோல் தைக்கும் மோச்சிகளின் கொக்கி ஊசிதான் பட்டுக்கு வந்தது. குஜராத்தின் சங்கிலித் தையல் துணிகள் கப்பலேறி ஐரோப்பா போயின. 18ஆம் நூற்றாண்டில் அங்கே கொக்கி வேலைக்குப் பெயர் ‘தம்பூர்’. பிரெஞ்சில் அதற்கு முரசு என்று பொருள், இழுத்துக் கட்டிய ஃபிரேமால் வந்த பெயர். பிரெஞ்சு மன்னன் பதினைந்தாம் லூயியின் காதலி பாம்பதூர் சீமாட்டி இந்த ஃபிரேமோடு உட்கார்ந்திருக்கும் ஓவியம் ஒன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது, 1763-64இல் துருவே வரைந்தது. பிறகு 1830இல் தீமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் இதே கொக்கியை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தித் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடம் பாரிஸ் தையற்காரர்கள் புகுந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். இயந்திரம் ஏன் கொக்கியை எடுத்துக்கொண்டது என்பது புரிகிறது: மேலும் கீழும் போகும் கொக்கியை இயந்திரம் எளிதில் பிடித்துக்கொள்ளும். முழு நூலையும் இழுத்துக்கொண்டு துணிக்குள் நுழைந்து வெளியேறும் கையைப் பிடிப்பது கடினம். இன்று ஆரிக்காரர்களை விலையில் அடிப்பதும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிதான். அதையும் திருப்பினால் தெரியும்: பாபின் நூலின் வெள்ளையும், துணிக்கு அடியில் வைத்துத் தைத்த, கிழித்தும் போகாத ஃபியூசிங் தாளும்.

வீட்டு நிலவரம். ஆரிக்கு ஸ்டாண்டு போட ஓர் இடம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அது கட்டில் அளவு பிரச்சினை. குனிந்தே இருப்பதால் கழுத்தும் முதுகும் பிடிக்கும். வளையத்தில் மாட்டிய ஊசி வேலையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்திலும் செய்யலாம், கண்தான் வலிக்கும். கற்பதில், ஆரியின் முதல் வாரம் அழவைக்கும். திரும்பும் கொக்கி பட்டு இழையைப் பிடித்து இழுத்துவிடும். அந்தத் திருப்பு கைக்கு வந்துவிட்டால் அப்புறம் ஓட்டம்தான். ஊசியில் முதல் நாளே ஒரு பூ வந்துவிடும், நல்ல பூ வரப் பல மாதம் ஆகும்.

என் கணக்கு இது. ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்க வேண்டுமானால் ஆரியைக் கற்றுக்கொள்ளுங்கள், தயக்கமே வேண்டாம். சோப்புப் போட்டுத் துவைத்துப் பல வருடம் கட்டும் சேலை, குழந்தையின் சட்டை, தலையணை உறை என்றால் சாதா ஊசி. பட்டு ரவிக்கைக்கு ஆரி, ஆனால் கொடுக்கும்போதே டெய்லரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். கோட்டை ஒரே ஓட்டமாக ஓட்டாமல் மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை நூலை வெட்டி முடிச்சுப் போடச் சொல்லுங்கள். லைனிங் தைக்கும் முன் பின்பக்கத்தை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.